மணல் நிலத்தில் புதிய கன்று: முதல் இரண்டு கோடையைத் தாண்டச் செய்வது எப்படி?

ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி மழை தொடங்கியதும் எமது கரையோரக் கிராமங்களில் மரக்கன்றுகள் வந்து இறங்குகின்றன. அரசாங்கத் திணைக்களங்கள் கொடுக்கின்றன, தொண்டு நிறுவனங்கள் கொடுக்கின்றன, பாடசாலைகளும் கொடுக்கின்றன. ஒரு வீட்டுக்குப் பத்து, இருபது என்று கன்றுகள் நடப்படுகின்றன. மார்கழி வரையில் எல்லாம் பச்சையாகவே நிற்கும். அடுத்த ஓகஸ்ட் மாதத்தில் அதே வளவுக்குப் போய்ப் பார்த்தால், வேலியோரத்தில் ஒரு வேம்பு, கிணற்றடியில் ஒரு தென்னம்பிள்ளை, மற்ற இடங்களில் காய்ந்த குச்சிகள். இந்த மண்ணில் மரம் வராது என்று வீட்டார் முடிவு செய்து விடுகிறார்கள்.

இந்த முடிவு சரியானது அல்ல. கற்பிட்டிக் குடாநாட்டிலும், பாலாவி, முந்தல் பக்கத்திலும் பல தலைமுறை வயதுடைய தென்னையும் பனையும் வேம்பும் இதே மணலில்தான் நிற்கின்றன. வளர்ந்த மரத்துக்கு வேர் ஆழத்தில் இருக்கிறது. புதிய கன்றுக்கு அப்படி இல்லை. அதன் வேர் ஆழத்தை எட்டும் வரை, அதாவது முதல் இரண்டு கோடை காலத்துக்கு, அதன் உயிர் நமது வாளியில்தான் இருக்கிறது. அந்த இரண்டு கோடையை எப்படிக் கடப்பது என்பதையே இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இந்தக் கரைக்கு வந்த குடும்பங்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். மன்னாரின் வயல் மண்ணிலும், யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலும், முல்லைத்தீவுக் குளத்தடியிலும் கைவந்த பழக்கம் இந்த மணலில் அப்படியே செல்லாது. அங்கே வாரத்துக்கு ஒரு தடவை ஊற்றிய தண்ணீர் மண்ணில் தங்கி நின்றது. இங்கே தங்காது. விவசாயம் தெரியாததால் கன்று சாவதில்லை. மண் வேறு என்பதால் சாகிறது.

எமது மணலின் குணம்

புத்தளம் கரை பாலைவனம் அல்ல. இந்தியாவின் தார் பாலைவனத்திலுள்ள ஜெய்சல்மேரில் ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீற்றர் மழையே பெய்கிறது. எமது கரையில் சுமார் 1,000 மில்லிமீற்றர் பெய்கிறது. ஆனால் அந்த மழையில் பெரும் பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையில் கொட்டித் தீர்ந்து விடுகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு வரட்சி. சித்திரையில் சிறிது மழை. பின்னர் மே முதல் செப்டெம்பர் வரை நீண்ட வரட்சி. அந்த ஐந்து மாதமும் சோளகம், கச்சான் என்று நாம் சொல்லும் தென்மேற்குக் காற்று இரவும் பகலும் அடிக்கிறது.

இத்துடன் மணலின் குணமும் சேர்கிறது. ஓர் அடி ஆழமான மணல், செடி எடுக்கக்கூடிய நீராக அரை முதல் முக்கால் அங்குலம் வரையே பிடித்து வைக்கும். களி கலந்த நல்ல தோட்ட மண் அதே ஓர் அடியில் ஏறக்குறைய இரண்டு அங்குலம் பிடிக்கும். மீதி நீர் வேரைத் தாண்டிக் கீழே போய்விடும். ஆகவே ஆண்டுக்கு 1,000 மில்லிமீற்றர் மழை பெய்தும், ஓகஸ்ட் மாதத்தில் எமது வளவிலுள்ள கன்று பாலைவனக் கன்றைப் போலவே நிற்கிறது.

இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். குடாநாட்டின் கிணறுகளில் நாம் அள்ளும் நல்ல நீர் ஆழத்திலிருந்து ஊறி வருவது அல்ல. மழை நீர் மணலுக்குள் இறங்கி, கீழே உள்ள கடல் நீரின் மேல் எண்ணெய் மிதப்பதைப் போல மிதந்து நிற்கிறது. நல்ல நீரின் பாரம் உப்பு நீரின் பாரத்தை விடக் குறைவு என்பதே இதற்குக் காரணம். நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நெதர்லாந்திலும் ஜேர்மனியிலும் நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கண்டறியப்பட்ட கணக்கு. அதே கணக்கின்படி, மேல் மட்டம் ஓர் அடி குறைந்தால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு நீர் 40 அடி மேலே வரும். கோடையில் இயந்திரம் வைத்து ஒரே கிணற்றில் நீண்ட நேரம் இறைக்கும்போது தண்ணீர் உவர்ப்பது இதனால்தான். எனவே கன்றுக்குத் தண்ணீரை மிச்சம் பிடிப்பது, வீட்டுக்குக் குடிநீரை மிச்சம் பிடிப்பதும் ஆகும்.

நடுவதற்கு முன் ஒரு கணக்கு

எத்தனை கன்று கிடைக்கும் என்று கேட்பதற்கு முன்னர், எத்தனை கன்றுக்குத் தண்ணீர் சுமக்க முடியும் என்று வீட்டில் இருந்து பேசுங்கள். தண்ணீர் சுமப்பவர் யாரோ அவரே இதற்குப் பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அது தாயோ மூத்த மகளோதான்.

நாம் கீழே தரும் முறைப்படி ஒரு கன்றுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை வாரத்துக்கு இரண்டு வாளியும், மே முதல் செப்டெம்பர் வரை வாரத்துக்கு மூன்று வாளியும் தேவை. வாளி என்பது இங்கே 10 லீற்றர். முதல் ஆண்டு முழுவதற்கும் ஒரு கன்றுக்குச் சுமார் 90 வாளி, அதாவது 900 லீற்றர். ஐந்து கன்று என்றால் 450 வாளி. இருபத்தைந்து கன்று என்றால் 2,250 வாளி. பொதுக் கிணறு வீட்டிலிருந்து நூறு யார் தூரத்தில் இருந்தால், இருபத்தைந்து கன்றைக் காப்பாற்ற எந்தத் தாயாலும் முடியாது. இருபத்தைந்தை நட்டு எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதால் எல்லாமே சாகின்றன. ஐந்தை நட்டு ஐந்தையும் காப்பாற்றி, அடுத்த மழைக்கு இன்னும் ஐந்தை நடுங்கள். நான்கு ஆண்டில் இருபது மரம் நிற்கும்.

காணி பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் இருப்பது இரவல் காணியாகவோ வேறொருவரின் தென்னந்தோட்டமாகவோ இருந்தால், நீண்ட காலம் நிற்கும் மரத்தை நடுவதற்கு முன் காணிக்காரரிடம் பேசிக் கொள்ளுங்கள். மரம் நட்டால் உரிமை கேட்பார்களோ என்று அவர் அஞ்சக்கூடும். 1990இல் இடம் கொடுத்தவர்களோடு இருக்கும் நல்லுறவு ஒரு மரத்தினால் கெட்டுப் போகக் கூடாது. உறுதி இல்லாத இடத்தில் முருங்கை, பப்பாசி, சீமைக்கிளுவைக் கதியால் போன்ற விரைவாகப் பயன் தருபவற்றை நடலாம். உறுதியான காணியில் தென்னை, மா, வேம்பு, பனை ஆகியவற்றை நடுங்கள். நெட்டைத் தென்னை காய்க்க ஆறு, ஏழு ஆண்டுகள் செல்லும். ஆனால் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நிற்கும். அதை நடுவது பேரப்பிள்ளைகளுக்கு நடுவதாகும்.

எந்த மரம்?

கிணற்று நீர் கோடையில் உவர்க்கும் இடத்தில் தென்னை, பனை, பூவரசு, இலந்தை, சப்போட்டா ஆகியவை தாங்கும். வேம்பும் மாதுளையும் ஓரளவு தாங்கும். மாவும் தேசியும் உவர் நீரைத் தாங்குவதில்லை. இவற்றை ஆண்டு முழுவதும் நல்ல நீர் கிடைக்கும் கிணற்றடியில் மாத்திரம் நடுங்கள்.

தண்ணீர் சுமக்க வசதியே இல்லாதவர்கள் பனங்கொட்டையையும் மரமுந்திரிகை விதையையும் நிற்க வேண்டிய இடத்திலேயே மழைக்கு முன்னர் புதைக்கலாம். இவற்றின் முதல் வேர் நேராகக் கீழே போகும் இயல்புடையது. பையில் வளர்த்தால் அந்த வேர் வளைந்து விடும். இடத்தில் முளைத்த விதை, இலை காட்டுவதற்கு முன்னரே ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கி விடும். பனைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது. முதல் ஆண்டுகளில் ஆடுமாடு மேயாமல் பார்த்துக் கொண்டால் போதும்.

குழியும் நடுகையும்

முதல் பெருமழைக்கு முன் குழியை வெட்டி வையுங்கள். சாதாரண கன்றுக்கு இரண்டு அடி அகலம், இரண்டு அடி ஆழம் போதும். தென்னம்பிள்ளைக்கு மூன்று அடி நீளம், மூன்று அடி அகலம், மூன்று அடி ஆழம் வேண்டும். குழியின் அடியில் பொச்சுமட்டைகளை இரண்டு அடுக்காக, குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கி, ஒவ்வோர் அடுக்குக்கும் மேல் மண் போட வேண்டும். எமது மாவட்டத்தில் லுணுவிலவில் உள்ள தென்னை ஆராய்ச்சி நிலையம் இம்முறையைச் சிபாரிசு செய்கிறது. பொச்சு தண்ணீரை உறிஞ்சி வைத்து, மெல்ல மெல்ல விடும். மணலில் இல்லாத ஒரு தொட்டியை நாமே மண்ணுக்குள் கட்டி வைப்பது போன்றது இது. மற்றக் கன்றுகளுக்கும் இவ்வாறு ஓர் அடுக்குப் பொச்சு போடலாம்.

குழியை நிரப்பும் மணலுடன் நன்றாக உக்கிய மாட்டெருவையோ ஆட்டெருவையோ கலந்து கொள்ளுங்கள். பச்சை எருவைப் போட வேண்டாம். அது வேரைச் சுடும், கறையானையும் அழைக்கும். இரசாயனப் பசளை முதல் மூன்று மாதமும் தேவையில்லை. மணலில் போடும் யூரியாவின் பெரும் பகுதி வேருக்குக் கிடைக்காமல் கிணற்றுக்குப் போய்ச் சேர்கிறது. கற்பிட்டியில் 1980களிலிருந்து நடந்த நிலத்தடி நீர் ஆய்வுகள், தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவு உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதைக் காட்டின. அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுப்பது கைக்குழந்தைக்கு ஆபத்து. கன்றுக்குப் போடும் பசளையும் அதே கிணற்றுக்குத்தான் இறங்குகிறது.

நடுவதற்குரிய நேரத்தை மழை சொல்லும். குழிக்குப் பக்கத்தில் மணலைத் தோண்டிப் பாருங்கள். ஒரு முழ ஆழத்துக்கு ஈரம் இறங்கியிருந்தால் நடலாம். ஒக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ நடப்பட்ட கன்றுக்கு இரண்டு மாத மழை கிடைக்கும். டிசம்பர் கடைசியில் நடப்பட்ட கன்றுக்கு வேர் விட நேரமில்லை. தாமதமாகக் கன்று கிடைத்தால் அதைப் பையிலேயே நிழலில் வைத்துத் தண்ணீர் ஊற்றி, அடுத்த மழைக்குச் சற்றுப் பெரிய பையில் வளர்த்து நடுவது நல்லது.

நடும்போது பொலித்தீன் பையை முழுவதுமாக நீக்குங்கள். அடியில் சுருண்டு கிடக்கும் வேரைக் கூரான கத்தியால் வெட்டி விடுங்கள். சுருண்ட வேர் ஆழத்துக்குப் போகாமல் சுற்றிச் சுற்றியே வளரும். கன்று, சுற்றியுள்ள நிலத்தை விட நான்கு விரல் பள்ளத்தில் நிற்கட்டும். அதைச் சுற்றி இரண்டு அடி விட்டத்தில் ஒரு வட்டப் பாத்தி கட்டுங்கள்.

எவ்வளவு தண்ணீர், எப்போது?

முதல் மூன்று வாரத்துக்கும் அதற்குப் பின்னருக்கும் வெவ்வேறு முறை வேண்டும். நட்ட புதிதில் கன்றின் வேர் முழுவதும் பைக்குள் இருந்த மண்கட்டியில்தான் இருக்கும். சுற்றிலும் மணல் ஈரமாக இருந்தாலும் அந்தக் கட்டி காய்ந்து போகலாம். எனவே மழை இல்லாத நாட்களில் இரண்டு, மூன்று லீற்றர் நீரைத் தண்டுக்கு அருகில், அந்தக் கட்டியிலேயே இறங்கும்படி நாளுக்கு ஒரு தடவை ஊற்றுங்கள். அதன் பிறகு டிசம்பர் முடியும் வரை, மழை இல்லாவிட்டால் இரண்டு நாளுக்கு ஒரு தடவை ஐந்து லீற்றர் போதும்.

ஜனவரி தொடங்கியதும் முறையை மாற்ற வேண்டும். இனி வேரைக் கீழே இழுப்பதே எமது நோக்கம். இரண்டு அடிப் பாத்தியில் இரண்டு லீற்றர் ஊற்றினால் அது காய்ந்த மணலில் நான்கு அங்குலத்துக்கு மேல் இறங்காது. அந்த நான்கு அங்குலத்தையும் வெயிலும் காற்றும் எடுத்து விடும். தினமும் அவ்வாறு ஊற்றினால் வேரும் மேலேயே தங்கி விடும். ஒரு நாள் தவறினால் கன்று வாடும். அதே பாத்தியில் 10 லீற்றரை ஒரே தடவையில் ஊற்றினால் சுமார் ஒன்றரை அடி இறங்கும். அங்கே வெயில் எட்டாது. வேர் அந்த ஈரத்தைத் தேடிப் போகும். ஐந்து நாளில் ஐந்து தடவை ஊற்றும் நீரை ஒரே தடவையில் ஊற்றுவதால் சுமை கூடுவதில்லை, பயன் மட்டுமே கூடுகிறது.

ஜனவரி முதல் மார்ச் வரை வாரத்துக்கு இரண்டு தடவை 10 லீற்றர். சித்திரை மழை நன்றாகப் பெய்தால் நிறுத்தி வையுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை வாரத்துக்கு மூன்று தடவை 10 லீற்றர். வெயில் தணிந்த மாலையிலோ விடியற்காலையிலோ ஊற்றுங்கள். வாளியைக் கவிழ்க்காமல் மெல்ல ஊற்ற வேண்டும். மணல் மிகவும் காய்ந்து போனால் தண்ணீர் உடனே உள்ளே போகாமல் மேலே உருண்டு நிற்கும். அப்போது முதலில் ஒரு கோப்பை தெளித்து, சற்றுப் பொறுத்து மீதியை ஊற்றுங்கள்.

ஊற்றுவதா, விடுவதா என்ற சந்தேகம் வந்தால், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி விரலால் தோண்டிப் பாருங்கள். விரல் ஆழத்தில் உள்ள மணலைப் பிடித்தால் உருண்டையாக நின்றால் இன்று தேவையில்லை. உதிர்ந்தால் ஊற்றுங்கள். நண்பகலில் இலை தொங்குவதைக் கண்டு பயப்பட வேண்டாம். மாலையிலும் விடியற்காலையிலும் தொங்கினால்தான் கன்று உண்மையில் தாகமாக இருக்கிறது.

புதைத்த பானை

தண்ணீர் மிகவும் அரிதான வீட்டுக்கு நாம் கூறக்கூடிய மிக நல்ல வழி மண்பானை. சீனாவில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இம்முறை எழுதி வைக்கப்பட்டுள்ளது. இந்தியாவிலும் வரண்ட இடங்களில் இதைச் செய்கிறார்கள்.

ஐந்து முதல் ஏழு லீற்றர் கொள்ளும், மெருகு பூசாத பானை ஒன்றை எடுங்கள். தண்ணீர் நிரப்பி ஒரு நாள் வையுங்கள். வெளிப்புறம் ஈரமானால் அது பொருத்தமான பானை. கன்றிலிருந்து ஓர் அடி தள்ளி, கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி புதையுங்கள். நிரப்பி மூடி வையுங்கள். மண் காயும்போது பானை கசியும், மண் ஈரமாக இருந்தால் கசிவு குறையும். மேல் மணல் காய்ந்தே இருப்பதால் வெயில் எடுக்கும் நீரும் குறைவு, களையும் குறைவு. மூன்று, நான்கு நாளுக்கு ஒரு தடவை பார்த்து நிரப்பினால் போதும்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பானையின் வாயைச் சிரட்டையாலோ தட்டையான கல்லாலோ இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். திறந்த பானை டெங்கு நுளம்பின் வீடாகி விடும். மற்றது, உவர் நீர் ஊற்றினால் பானையின் துவாரங்களில் உப்புப் படிந்து அடைத்து விடும். கசிவு குறைந்தால் பானையை எடுத்துத் தும்பால் உரசிக் கழுவுங்கள். பானை கிடைக்காவிட்டால் ஐந்து லீற்றர் பிளாஸ்ரிக் போத்தலின் அடிப்பக்கத்தில் இரண்டு மூன்று ஊசித் துளையிட்டு அதே விதமாகப் புதைக்கலாம். அது பானையைப் போல மண் கேட்டபடி கசியாது. ஆனாலும் மேலே ஊற்றுவதை விட மேல்.

மூடு, மறை, வேலி போடு

ஊற்றிய நீரைக் காப்பது அடுத்த வேலை. பாத்தியை நான்கு அங்குலத் தடிப்புக்குக் காய்ந்த தென்னோலைத் துண்டு, பொச்சு, தும்புத் தூள், சருகு, வைக்கோல் ஆகியவற்றில் எது கிடைத்தாலும் அதனால் மூடுங்கள். தண்டைச் சுற்றி நான்கு விரல் இடைவெளி விடுங்கள். மூடியது தண்டில் பட்டால் கறையான் ஏறும், தண்டு அழுகவும் கூடும். கடற்கரைச் சாதாளையைப் போடுவதாயின் ஒரு மழைக்காலம் முழுவதும் மழையில் நனைய விட்டு உப்புப் போன பின்னரே போடுங்கள்.

மே மாதத்துக்கு முன்னரே கன்றின் தென்மேற்குப் பக்கத்தில் நெஞ்சளவு உயரத்துக்குக் கிடுகு மறைப்பு ஒன்று கட்டுங்கள். காற்று இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது, மணலை வீசித் தண்டை உரசுகிறது, கடலோரத்தில் உப்பையும் கொண்டு வருகிறது. இந்த ஒரு கிடுகு பிற்பகல் வெயிலையும் ஓரளவு மறைக்கும். நிரந்தர மறைப்புக்கு வேலியோரம் சீமைக்கிளுவைக் கதியால்களை மழையில் நெருக்கமாக நட்டு வையுங்கள். அதன் இலை ஆட்டுக்கும் உணவாகும், கன்றுக்கும் பசளையாகும்.

எமது கரையில் தாகத்தால் சாகும் கன்றுகளோடு ஆடும் மாடும் கட்டாக்காலிக் கழுதையும் தின்று சாகும் கன்றுகளும் உண்டு. மூன்று மாதம் சுமந்த தண்ணீர் ஒரு நிமிடத்தில் போய்விடும். நட்ட அன்றே முட்கிளையாலோ பனை மட்டையாலோ கூடு கட்டுங்கள்.

வீட்டில் ஓடிப் போகும் நீர்

புதிதாகத் தண்ணீர் தேடுவதற்கு முன், வீட்டில் வீணாகும் நீரைப் பாருங்கள். தொழுகைக்காக வுழூச் செய்யும் நீரில் சவர்க்காரம் இல்லை. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒருவர் ஒரு தடவைக்கு ஒரு லீற்றர் பாவித்தாலும், ஐந்து வேளைக்கு நாளொன்றுக்கு 25 லீற்றர். வாரத்துக்கு 175 லீற்றர். மேலே சொன்ன ஐந்து கன்றுகளுக்கு மிகக் கடுமையான மாதங்களில் வாரத்துக்குத் தேவையானது 150 லீற்றர்தான். அதாவது வுழூச் செய்யும் இடத்தில் ஒரு பேசினை வைத்து, சேர்ந்த நீரை முறைப்படி ஊற்றினால் ஐந்து கன்றுக்கும் கிணற்றுக்குப் போக வேண்டியதில்லை. பள்ளிவாசலில் ஓடிப் போகும் நீரையும், கோயில், தேவாலயக் கிணற்றடியில் கால் கழுவும் நீரையும் இவ்வாறே ஒரு வாய்க்காலால் மரத்தடிக்கு விடலாம்.

அரிசி கழுவிய நீர் நல்லது. உடுப்புத் தோய்த்த முதல் நீர் வேண்டாம். சவர்க்காரத் தூளில் உள்ள உப்பு மணலில் தங்கி வேரைக் கெடுக்கும். கடைசியாக அலசிய நீரைத் தென்னைக்கு விடலாம். கருவாடு கழுவிய நீரை எந்தக் கன்றுக்கும் விடாதீர்கள்.

தண்ணீர் உவர்த்தால்

ஓகஸ்ட், செப்டெம்பரில் கிணற்று நீர் வாயில் வைத்தால் சவர் தெரியும் காலத்தில் இலையின் நுனியும் ஓரமும் கபில நிறமாகக் கருகும். இதைத் தாகம் என்று எண்ணி அதே நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி ஊற்றினால் நிலைமை மோசமாகும். தண்ணீரைத்தான் வெயில் எடுக்கும், உப்பு மண்ணில் தங்கி விடும். ஆகவே உவர் நீர் மட்டுமே இருந்தால் ஒரு தடவைக்குக் கூடுதலாக ஊற்றி உப்பைக் கீழே தள்ளுங்கள். இலையில் படாமல் ஊற்றுங்கள். வாரத்துக்கு ஒரு தடவையாவது வீட்டிலுள்ள நல்ல நீரை ஒரு வாளி விடப் பாருங்கள்.

முதல் தூறலின்போது கவனம் தேவை. சிறு மழை மேல் மணலில் படிந்த உப்பைக் கரைத்து வேர் வரை இறக்கி, அங்கேயே விட்டு விடும். மழைதானே என்று இருந்து விடாமல், அன்றும் ஒரு வாளி ஊற்றி அந்த உப்பை வேருக்குக் கீழே தள்ளுங்கள்.

வெளிநாட்டு முறைகள் இங்கே பொருந்துமா?

வரண்ட நாடுகளின் படங்களில் கன்றைச் சுற்றிப் பிறை வடிவில் வரம்பு கட்டியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். மேற்கு ஆபிரிக்காவின் புர்கினா பாசோவில் யாக்கூபா சவாதோகோ என்ற விவசாயி 1980களில், 'ஸாய்' எனப்படும் எருக் குழிகளைப் பெரிதாக்கித் திருத்தி, இறுகிய நிலத்தில் ஒரு காட்டையே வளர்த்தார். 2023இல் அவர் காலமானார். அம்முறைகள் இறுகிய மண்ணுக்கு உரியவை. மழை நீர் மேலே ஓடும் இடத்தில் அதை மறித்துக் குழிக்குள் விடுவதே அவற்றின் நோக்கம். எமது கரை மணலில் மழை ஓடுவதே இல்லை, விழுந்த இடத்திலேயே இறங்கி விடுகிறது. எனவே இங்கே பிறை வரம்பு கட்டுவது வீண் உழைப்பு. ஆனால் மாவட்டத்தின் உட்பகுதியில் இறுகிய நிலம் கிடைத்தவர்களுக்கும், 2009க்குப் பின்னர் வடக்குக்குத் திரும்பி அத்தகைய நிலத்தைத் திருத்துபவர்களுக்கும் இவை நன்கு பயன்படும். மண்ணைப் பார்த்தே முறையைத் தெரிவு செய்ய வேண்டும்.

இரண்டாம் ஆண்டும் அதன் பின்னரும்

முதல் ஆண்டைத் தாண்டிய கன்றின் பாத்தியை மூன்று அடி விட்டத்துக்கு அகலமாக்குங்கள். வரட்சி மாதங்களில் வாரத்துக்கு ஒரு தடவை 20 லீற்றர் ஊற்றுங்கள். இதில் தண்டுக்கு அருகில் ஊற்ற வேண்டாம், பாத்தியின் ஓரத்தில் ஊற்றுங்கள். வேர் நீரைத் தேடி வெளியே போகட்டும். மூன்றாம் ஆண்டில் வேம்பு, மரமுந்திரிகை, பூவரசு ஆகியவற்றுக்குத் தண்ணீர் தேவைப்படாது. மா, தேசி, தென்னம்பிள்ளை ஆகியவற்றுக்குக் கடும் வரட்சியில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை நான்கு வாளி போதும். ஒரேயடியாக நிறுத்தாமல் இடைவெளியை நீட்டி நீட்டி விடுவிக்க வேண்டும். பிள்ளைக்குப் பால் மறக்கச் செய்வது போன்றது இது.

வடக்கிலும் இங்குமாக இரண்டு இடத்தில் வாழும் குடும்பங்கள் இன்னும் பல உண்டு. விதைப்புக் காலத்தில் அங்கே போய் மாதக்கணக்கில் நிற்பவர்கள், போவதற்கு முன் பானையை நிரப்பி, மூடுபடையைத் தடிப்பாக்கி, மறைப்பைக் கட்டி விட்டு, அயல் வீட்டாரிடம் நாளும் அளவும் சொல்லிக் கன்றை ஒப்படையுங்கள். 'ஒரு கண் பார்த்துக் கொள்ளுங்கள்' என்றால் மட்டும் போதாது. 'திங்களும் வியாழனும் இந்தப் பானையை நிரப்புங்கள்' என்று சொல்ல வேண்டும். அவர்களுக்கும் ஒரு காய் கிடைக்கும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

நினைவில் வைக்க வேண்டியவை

1. சுமக்கக்கூடிய தண்ணீருக்கு ஏற்ற அளவு கன்றை மட்டும் நடுங்கள்.
2. ஒரு முழம் ஈரம் இறங்கிய பின், நவம்பர் நடுப்பகுதிக்குள் நடுங்கள்.
3. குழியின் அடியில் பொச்சு, பாத்தியின் மேல் மூடுபடை.
4. முதல் மூன்று வாரம் சிறிது சிறிதாகத் தண்டுக்கு அருகில். அதன் பின் கூடுதலாக, இடைவெளி விட்டு.
5. மே மாதத்துக்கு முன் தென்மேற்கில் கிடுகு, நட்ட அன்றே வேலி.
6. பானையையும் பாத்திரத்தையும் நுளம்பு புகாமல் மூடுங்கள்.
7. உவர் நீரைக் கொஞ்சமாக அடிக்கடி ஊற்ற வேண்டாம்.
8. வுழூ நீரையும் அரிசி கழுவிய நீரையும் வீணாக்க வேண்டாம்.

இந்த மழைக்கு ஐந்து குழியை வெட்டுங்கள். இரண்டாவது செப்டெம்பர் முடியும்போது அவற்றில் எத்தனை நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஐந்தும் நின்றால், அடுத்த ஐந்தை எங்கே நடுவது என்று உங்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.